கிச்சனிலிருந்து ஜெயித்த கோப்பை

எங்கள் அம்மா கிச்சனில் நின்றபடியே ஐரோப்பாவின் பெரிய கால்பந்துக் கோப்பையை ஜெயித்துக் கொடுத்தவள். அமெரிக்காவில், பிளெய்ன்ஸ்பரோ பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு முழுவதும் இதைச் சொல்லித் திரிந்தேன். நம்பாத பெண்களோடு பேசுவதில்லை என்றும் வைத்திருந்தேன்.

அன்று புதன்கிழமை. ஃபைனல் நடந்த ஊரில் ராத்திரி, எங்களுக்கு மத்தியானம். அப்பாவும் அவருடைய ஆபீஸ் நண்பர்களான இரண்டு அங்கிள்களும் அரைநாள் லீவு போட்டுவிட்டு எங்கள் அபார்ட்மெண்ட் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். நான் ஸ்கூல் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தபோது இடைவேளை. எங்கள் சிவப்புச் சட்டை இங்கிலாந்து கிளப் அணி, இத்தாலி கிளப்பிடம் மூன்று கோல் வாங்கியிருந்தது. யார் முகத்திலும் ஈயாடவில்லை. அம்மா சோபா ஓரத்தில் இருந்தாள். இந்த ஆட்டத்தைப் பார்ப்பதற்காகவே விடியற்காலையில் எழுந்து ராத்திரிச் சாப்பாடு வரை சமைத்து முடித்திருந்தாள். எனக்குப் பசிக்கிறதா என்றுகூடக் கேட்கவில்லை. அப்படியொரு நாள் அதற்கு முன் வந்ததில்லை.

கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்களுக்கு ஒரு சட்டம் உண்டு. நம் ஆட்டம் நன்றாகப் போனால் யாரும் இடத்தைவிட்டு எழக்கூடாது. மோசமாகப் போனால் ஆளை மாற்றி உட்கார வைக்க வேண்டும். அதைக் கால்பந்துக்கும் கொண்டுவந்துவிட்டார்கள். யாருடைய ராசி சரியில்லை என்று விசாரணை நடந்தது. கடைசியாக வந்து உட்கார்ந்தது அண்ணிதான் என்று ஒரு அங்கிள் இழுத்தார். அப்பா சிரித்துக்கொண்டே டீ போட முடியுமா என்று கேட்டார். அம்மாவும் சிரித்துக்கொண்டே எழுந்து போனாள். எங்கள் கிச்சனிலிருந்து டிவி தெரியாது, நடுவில் சுவர்.

இரண்டாம் பாதி தொடங்கியது. டீ கொதிப்பதற்குள் ஒரு கோல் போட்டோம். வடிகட்டுவதற்குள் இன்னொன்று. கப்பில் ஊற்றுவதற்குள் மூன்றாவது. அம்மா ட்ரேயோடு ஹால் பக்கம் வர, அங்கிள் எழுந்து கும்பிட்டேவிட்டார்.

"அண்ணி, ப்ளீஸ், அங்கேயே இருங்க."

ட்ரேயை நான்தான் வாங்கி வந்தேன். எக்ஸ்ட்ரா டைமும் முடிந்து பெனால்டி வரும்வரை, ஒரு மணி நேரத்துக்கு மேல், அம்மா வெளியே வரவில்லை.

பெனால்டிக்கு நான் கிச்சன் வாசலில் நின்று அவளுக்குச் சேதி சொன்னேன். அம்மா ஸ்கோரைக் கேட்கவில்லை. அடிப்பவன் எத்தனை அடி பின்னால் போகிறான், எந்தக் கால்காரன், எங்கே பார்க்கிறான் என்று கேட்டாள். நான் சொன்னதும் பந்து எந்தப் பக்கம் போகும் என்று சொல்லிவிடுவாள். பாதி சரியாக இருந்தது. தப்பானதெல்லாம் நான் சரியாகப் பார்த்துச் சொல்லாததால் என்றாள்.

"கீப்பர் என்னடி பண்றான்?"

"ஹீ இஸ் டான்ஸிங், மா. லைன்ல நின்னு காலை ஆட்டறான்."

"ஆடட்டும். அடிக்கிறவன் கோலைப் பாக்காம இவனைப் பாப்பான்."

இத்தாலி அணியின் கடைசி ஆள் பந்தை வைத்தான். இதைத் தடுத்தால் கோப்பை நமக்கு என்றேன். அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். முழங்காலை லேசாக மடக்கி, இரண்டு கைகளையும் அகல விரித்து அடுப்புக்கு முன்னால் நின்றாள். எங்கள் பூஜை அறையில் யாரும் அப்படி நின்று சாமி கும்பிட்டதில்லை. நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஹாலில் மூன்று பேரும் கத்தினார்கள்.

"எந்தக் கையில தடுத்தான்?" என்று கேட்டாள். நான் பார்க்கவில்லை.

அப்பாவும் அங்கிள்களும் ஓடிவந்து, கிச்சனைவிட்டு நகராமல் இருந்ததற்காக அம்மாவுக்கு நன்றி சொன்னார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

கல்யாணத்துக்கு முன் மூன்று வருஷம் மாவட்டப் பெண்கள் அணிக்கு அவள் கோல்கீப்பராக இருந்தாள் என்பது எனக்குப் பன்னிரண்டு வயதில்தான் தெரிந்தது. 'காலேஜில் ஏதோ விளையாடுவாள்' என்ற அளவுக்குத்தான் அப்பாவுக்கே தெரியும். அன்று வீட்டில் இருந்த ஐந்து பேரில் பெனால்டிக்கு எதிரே நின்றவள் அவள் ஒருத்திதான். பிறகு ஏன் உள்ளேயே இருந்தாய் என்று சண்டைக்குப் போனேன்.

"நான் வந்து தோத்துட்டா?" என்றாள்.

இன்றும் அவளைப் பற்றிப் பெருமையடித்துக்கொள்கிறேன், காரணம்தான் மாறிவிட்டது. எந்தக் கையில் தடுத்தான் என்று கேட்டுவிட்டு அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது எவ்வளவு பெரிய ஆசை என்று ஒன்பது வயதில் எனக்கு விளங்கவில்லை. ஜெயிச்சாச்சே மா, அப்புறம் என்ன என்று சொல்லிவிட்டு ஹாலுக்கு ஓடிப்போனேன்.