உட்கார்ந்தே தூங்கிய புஜ்ஜி

நாங்கள் புதுவாயலில் இருக்கிறோம். கணவருக்குத் தொழிற்சாலையில் வாரத்துக்கு வாரம் ஷிப்ட் மாறும். நேரத்துக்குத் தூங்குவது எங்கள் வீட்டில் யாருக்கும் பழக்கமில்லை. அதனால்தானோ என்னவோ, எங்கள் பொமரேனியன் புஜ்ஜி சரியாகத் தூங்காதது பெரிதாகத் தெரியவில்லை.

சில மாதங்களாக அது படுப்பதே இல்லை. உட்கார்ந்தபடியே, கணவரின் கம்பெனி ஷூ மேல் தாடையை வைத்துக்கொண்டு கண்ணை மூடும். தாடை வழுக்கினால் திடுக்கிட்டு எழுந்துவிடும். "இதுக்கும் நைட் ஷிப்ட் போட்டுட்டானுங்க போல" என்று கணவர் சிரிப்பார். அந்த ஷூவில் அப்படி என்னதான் இருக்கிறது என்று எனக்கு ஒரே ஆச்சரியம். வீடியோ எடுத்து வைத்தேன்.

தடுப்பூசிக்குப் போனபோது கால்நடை டாக்டரிடம் அதைக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை.

"இது படுத்துத் தூங்கி எப்பம்மா பார்த்தீங்க?"

எனக்கு நினைவுக்கே வரவில்லை.

"எங்க ஊட்ல யாரு சார் ஒழுங்கா தூங்கறாங்க?" என்றார் கணவர்.

டாக்டர் புஜ்ஜியின் கழுத்தை லேசாக அழுத்தினார். வீலென்று கத்தியது. கழுத்தில் நரம்பு நசுங்கி, நாள்பட்ட வலியாம். வலி தெரியாமல் இருக்கத்தான் தலைக்கு ஷூவை முட்டுக் கொடுத்திருக்கிறது.

இப்போது மருந்து கொடுக்கிறோம். கழுத்துப்பட்டைக்குப் பதில் மார்போடு மாட்டும் பட்டை. சாப்பாட்டுக் கிண்ணம் சின்ன முக்காலி மேல். தினமும் அது எப்படித் தூங்குகிறது என்று உற்றுப் பார்க்கிறேன்.

நேற்று மதியம் புஜ்ஜி கால்களை நீட்டிப் படுத்துக் குறட்டை விட்டது. "மிக்ஸிய நிறுத்து, தூங்கிக்கினு கீது" என்றார் கணவர். நைட் ஷிப்ட் முடிந்து அவர் தூங்கும்போது ஒருநாளும் நான் மிக்ஸியை நிறுத்தியதில்லை. நேற்று நிறுத்தினேன்.

- செல்வி, புதுவாயல்