தேதி முடியாத மருந்து

உம்மல் குல்சுமுக்கு இங்கிலீஷ் சுத்தமாகத் தெரியாது என்று சொல்லிவிட முடியாது. ஏழாம் வகுப்போடு நின்றவள்தான். ஆனால் ஆர்.எஸ்.புரத்து மருந்துக் கடையில் பதினொரு வருஷமாக மாத்திரை அட்டைகளைப் புரட்டிப் புரட்டி, தேதி முடிந்ததை ஒதுக்கி வைப்பது அவள் வேலை. அதில் நாலைந்து வார்த்தைகள் ஒட்டிக்கொண்டன. அத்துப்படியான வார்த்தை எக்ஸ்பயரி. வீட்டில் பால் திரிந்தாலும் எக்ஸ்பயரி, செருப்பு அறுந்தாலும் எக்ஸ்பயரி.

"ஏனுங்க அம்மணி, கடைக்கு வர்றவங்களையும் பொறட்டிப் பாத்துப்போடுவீங்களாட்ட இருக்குது," என்பார் கடைக்காரர் சென்னகேசவன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள்.

கணவர் நசுருதீன் மெத்தை தைப்பவர். முப்பது வருஷத்துப் பஞ்சுத் தூசி நெஞ்சில் இறங்கி, ஆஸ்பத்திரியில் எட்டாம் கட்டிலில் கொண்டுபோய்ப் போட்டது. நாலாம் நாள் காலையில் நர்ஸ் பூஜிதா ஊசி மருந்துக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தாள். ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்திலேயே கிடைக்கும்தான். ஆனாலும் நம் கடை மருந்தென்றால் ஒரு நம்பிக்கை என்று ஆட்டோ பிடித்து ஓடினாள். பதற்றத்தில் பெட்டியை அப்படியே எடுத்து வந்தாள். தேதியைப் பார்க்கவில்லை. வாங்கின நர்சும் அவசரமாக ஒரு ஊசியை எடுத்துக்கொண்டு, மிச்சத்தை அவளிடமே கொடுத்துவிட்டாள்.

மத்தியானம் உள்ளே எல்லோரும் ஓடினார்கள். அவளை வெளியே நிறுத்தினார்கள். பிறகு பூஜிதா போனில் பேசுவது கேட்டது.

"டாக்டர், எட்டாம் பெட் எக்ஸ்பயர்டு."

உம்மல் குல்சுமுக்கு அந்த ஒரு வார்த்தை மட்டும் புரிந்தது. என் கையாலேயே கெட்டுப்போன மருந்தைக் கொடுத்துவிட்டேனா? பையைத் தரையில் கொட்டி, பெட்டியைத் தேடி எடுத்து, கண்ணருகே வைத்துப் படித்தாள். எழுந்து ஓடினாள்.

"சிஸ்டர், நல்லாப் பாருங்க! அடுத்த வருசம் எட்டாம் மாசம் வரைக்கும் இருக்குதுங்க. எக்ஸ்பயரி ஆகலீங்க!"

பூஜிதாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் மாறிப் போயிற்று. "மருந்தைச் சொல்லலீங்கக்கா..." என்று தொடங்கி, டாக்டர் வருகிறாரா என்று திரும்பிப் பார்த்தாள்.

அதற்குள் டாக்டர் கோவிந்தராஜுலு வந்துவிட்டார். வயதானவர். நீட்டிய பெட்டியை வாங்கிப் பார்த்தார்.

"நீங்களாச்சும் சொல்லுங்க சார். தேதி இருக்குதுங்களே?"

"இருக்குதுங்கம்மா. அந்த வார்த்தைக்கு மூச்சை வெளிய விடறதுன்னு அர்த்தமுங்க. மருந்துக்கெல்லாம் அப்புறந்தான் அதைச் சொன்னாங்க."

"விட்டா மறுபடி இழுக்கோணுமில்லீங்க?"

அவர் இல்லை என்று தலையை ஆட்டினார். "இனி இழுக்க மாட்டாருங்கம்மா."

அவள் பெட்டியைத் திரும்ப வாங்கி, தேதியை இன்னொரு தரம் படித்தாள்.

"அப்ப, நான் வாங்கியாந்ததுல தப்பு ஏதும் இல்லீங்களே?"

"இல்லீங்கம்மா. ஒண்ணும் இல்லீங்க."

சரி என்பதுபோல் தலையசைத்தாள். அதன் பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.