சாவி போட்டியா?

அந்தத் தெருவில் அவளுக்குச் சக்கரக்கா என்று பெயர். நடக்க முடியாதவர்கள் ஓட்டும் பேட்டரி வண்டிகளுக்குச் சக்கரம் மாற்றுவதுதான் தொழில். புருஷன் கற்றுக்கொடுத்தது. அவர் போய்ச் சேர்ந்து வருஷம் திரும்பிவிட்டது. வாய் மட்டும் போகவில்லை. அவள் அச்சில் சக்கரத்தை ஏற்றும்போதெல்லாம் முதுகுக்குப் பின்னால் அதே குரல்: "சாவி போட்டியா?"

வண்டியைக் கிளப்பும் சாவி இல்லை இது. அச்சுக்கும் சக்கரத்துக்கும் நடுவே காடி என்கிற பள்ளத்தில் உட்காரும் விரல்நுனி அளவு இரும்புக் கட்டை. அது இல்லாவிட்டால் அச்சும் சக்கரமும் பேச்சுவார்த்தை அற்றுப்போன ஓரகத்திகள்தான்: ஒரே வீடு, ஆளுக்கொரு போக்கு. பிரேக் போட்டால் அச்சு நிற்கும், சக்கரம் உருளும்.

"போட்டாச்சுங்க" என்று அவளும் பதில் சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். ஒருநாள் நாத்தனார் அதைக் கேட்டுவிட்டாள்.

"என் தம்பிய நிம்மதியா போக விடும்மா" என்று அழுதாள். இனி வாய் திறப்பதில்லை என்று சக்கரக்கா சத்தியம் செய்து கொடுத்தாள்.

அப்புறம் அந்த நாத்தனாரின் வண்டிக்கே பின்சக்கரங்கள் தேய்ந்தன. முழங்கால் இரண்டும் போன மனுஷிக்கு அந்த வண்டிதான் கால். சக்கரக்கா அவள் வீட்டு வாசலிலேயே வைத்துப் புதுச் சக்கரங்களை மாட்டினாள். வாசலைத் தாண்டினால் சரிவு, நேரே லாரி ஓடும் சாலையில் போய் இறங்கும்.

"சாவி போட்டியா?"

பல்லைக் கடித்துக்கொண்டு போல்ட்டை முடுக்கினாள். பதில் வராவிட்டால் ஒரு தடவையோடு விடுகிற ஆளா அவர்? உயிரோடு இருந்தபோதே இல்லை. நாத்தனார் ஏறி உட்கார்ந்தாள். இப்போது கேள்வி காதுக்குள்ளேயே வந்தது. சக்கரக்காவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. சத்தியமாவது ஒன்றாவது. கைப்பிடிக்குக் கீழே தொங்கிய சாவியைக் காட்டி, "போட்டாச்சு, தொங்குது பாருங்க" என்றாள்.

சொன்ன பிறகுதான் தான் காட்டியது எந்தச் சாவி என்று உறைத்தது. நாத்தனாரை இறக்கி, வண்டிக்கு முட்டுக்கொடுத்து, இடது சக்கரத்தைத் தட்டினாள். அது பாட்டுக்குச் சுற்றியது, அச்சு அசையவில்லை. கட்டை, கழற்றிப் போட்ட பழைய சக்கரத்தின் காடியில் கிரீஸோடு ஒட்டிக்கிடந்தது.

புதுச் சக்கரத்தைக் கழற்றி, கட்டையைக் காடியில் வைத்து மறுபடி மாட்டினாள். "போட்டுட்டேங்க" என்று குரல் வந்த பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னாள். இந்தத் தடவை நாத்தனார் அழவில்லை. அவளும் அதே பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றோடு குரல் நின்றுபோனது. இப்போதெல்லாம் சக்கரக்கா கட்டையை வேண்டுமென்றே மேஜைமேல் வைத்துவிட்டு, சக்கரத்தை அச்சில் ஏற்றிக் கொஞ்ச நேரம் காத்திருக்கிறாள். யாரும் கேட்பதில்லை. பிறகு தானே கழற்றி, தானே போட்டுக்கொள்கிறாள்.