ஆயம்மாளுக்கு நட்ட கல்

எங்கள் ஊர்ப் பாதையோரம் ஒரு சுமைதாங்கிக் கல் நிற்கிறது. பிள்ளை வயிற்றோடு செத்தவளுக்கு நடுகிற கல். போகிறவர்கள் தலைச்சுமையை அதில் இறக்கி மூச்சு வாங்கினால், செத்தவளின் வயிற்றுச் சுமையும் இறங்கும் என்பார்கள். ஆயம்மாள் என்று பெயர் வெட்டியிருக்கிறது. அதில் நான் ஒருநாளும் சுமை இறக்குவதில்லை, ஏனென்றால் ஆயம்மாள் பிள்ளை வயிற்றோடு சாகவில்லை.

நானும் அவளும் திருப்பூரில் ஒரே பனியன் கம்பெனியில் நூல் பிசிறு வெட்டினோம். அவள் கையில் கத்தரி ஓடும். வாய் அதைவிட வேகமாக ஓடும். கல்யாணமாகிப் பல வருஷமாகியும் பிள்ளையில்லை. மாமியார் மருதாள் வாய்க்கு வாய் மலடி என்பாள். ஊரில் எந்த வளைகாப்புக்கும் அவளை முன்னால் நிற்க விடமாட்டார்கள்.

"பாத்தரம் கழுவ மட்டும் மலடி ஆகாதுன்னு யாரும் சொல்றதில்லீங்க, சபுராக்கா" என்று என்னிடம் சொல்லிச் சிரிப்பாள்.

அறுபத்தெட்டாம் வருஷம், நாற்பது வயதை நெருங்கும்போது, அவளுக்குத் தூரம் நின்றது. வயிறு மேடிட்டது. மருதாளின் நாக்கில் திடீரென்று தேன் ஊறியது. ஆனால் ஆயம்மாள் சிரிப்பதை விட்டுவிட்டாள்.

"ரெண்டு வாய் சோத்துக்கே வயிறு கும்முனு ஆயிருதுங்க. எங்கம்மாளுக்கும் பெரியம்மாளுக்கும் இப்படித்தான் வீங்குச்சு. ரெண்டு பேருமே பொழைக்கலீங்க. டாக்டர்கிட்டக் காட்டோணும்."

"வாயக் கழுவுடி! நல்ல வயித்த ஊரெல்லாம் காட்டிக் கண்ணுபட வெக்கறதா?" என்றாள் மருதாள்.

ஏழாம் மாதமென்று கட்டுச்சோறு விருந்து வைத்தார்கள். புளிச்சோறு, எள்ளுச்சோறு, தயிர்ச்சோறு என்று விதவிதமாக ஆக்கினார்கள். மலடி என்று சொன்ன அதே வாய்கள் மொச்சு மொச்சென்று தின்றன. ஆயம்மாள் மாட்டுக் கட்டுத்தறிப் பக்கம் போய் வாந்தியெடுத்தாள். நான் தலையைப் பிடித்துக்கொண்டேன். "மசக்கை இன்னும் விடலை" என்று ஒருத்தி கையிலிருந்த சோற்றோடு சிரித்தாள். தூ!

பத்து மாதம் கடந்தும் வலி வரவில்லை. அதன் பிறகுதான் கோயமுத்தூருக்குக் கொண்டுபோனார்கள். நானும் கூடப் போனேன். டாக்டரம்மா தொட்டுப் பார்த்ததுமே முகம் மாறினார். பரிசோதனை முடிந்ததும் எங்களைக் கூப்பிட்டார்.

"இது பிள்ளையில்லை, சினைப்பையில் புற்று. வயிறு முழுக்கப் பரவிவிட்டது. முன்னாலேயே வந்திருக்க வேண்டும். பிள்ளை பெறாதவர்களுக்கு இது கொஞ்சம் அதிகமாக வரும். குடும்பத்தில் வேறு யாருக்காவது வந்திருக்கிறதா? வந்திருந்தால் கூடப்பிறந்த பெண்களும் கவனமாக இருக்க வேண்டும்."

கூட வந்திருந்த ஆயம்மாளின் அண்ணன் நஞ்சப்பன் முந்திக்கொண்டான். "எங்க குடும்பத்துல அப்படியெல்லாம் ஒண்ணுமில்லீங்க."

அவன் மகளுக்கு அப்போது வெள்ளகோவிலில் மாப்பிள்ளை பேசிக்கொண்டிருந்தார்கள். பெற்ற தாய் செத்ததைக்கூட மென்று முழுங்கிவிட்டான்.

"பொய் சொல்றானுங்க" என்றாள் ஆயம்மாள் படுக்கையிலிருந்து. பிறகு என் கையைப் பிடித்தாள். "மடத்துக்குளத்துல என் தங்கச்சி மயிலாத்தா இருக்கறா. அவகிட்டச் சொல்லிருங்கக்கா."

அந்த மாதமே ஆயம்மாள் போய்விட்டாள். கல் நட்டவன் நஞ்சப்பன். புற்று என்று தெரிந்தால் மகள் கல்யாணம் நின்றுவிடுமாம். மருதாளும் தலையாட்டினாள், மருமகள் மாசமாக இருந்து செத்தால்தானே மறுகல்யாணம் பேசும்போது மகன்மேல் பிள்ளையில்லாத குறை சொல்லமாட்டார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாதாம். இவர்கள் கல்லுக்கடியில் மறைத்தார்கள்.

கல் நட்ட அன்று வந்திருந்த மயிலாத்தாளிடம் நடந்ததையெல்லாம் சொன்னேன். அவள் அண்ணனைப் பார்த்தாள், பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"பிள்ளைங்கறது பொய்யின்னா கல்லு நடுவாங்களாக்கா?"

நான் என்ன சொல்லியும் அவள் நம்பவில்லை. இரண்டு வருஷம் கழித்து அக்காளுக்குப் படைக்க வந்தாள். தலைச்சுமையை அந்தக் கல்மேல் இறக்கிவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். "ரெண்டு வாய்க்கு மேல சோறு எறங்கறதில்லீங்கக்கா" என்றாள். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். அதே டாக்டரம்மா, அதே முகம்.

மயிலாத்தாளுக்கு இரண்டு பெண்கள். அவள் இழவு வீட்டில் பெரியவளையும் சின்னவளையும் நடுவாசலில் நிறுத்தி, ஊர் கேட்கும்படி சொன்னேன். "உங்க பெரியம்மா வயித்துல பிள்ளையில்ல. புத்து. உங்கம்மாளுக்கும் அதேதான். உங்கம்மாளப் பெத்த அம்மாயிக்கும் அதேதான். வயிறு கும்முனு இருந்தா அன்னைக்கே ஆசுபத்திரிக்குப் போங்க, கண்ணு."

"கல்யாணமாகாத புள்ளைகளுங்க! வாய மூடுங்க!" என்று நஞ்சப்பன் ஓடிவந்தான்.

நான் முதலிலிருந்து இன்னொரு தடவை சொன்னேன்.