இஞ்சின் ஓடாதபோது வந்த இரைச்சல்

என் கணவர் அதிகம் பேசமாட்டார். இரண்டு பேருக்கும் சேர்த்து நீதான் பேசிவிடுகிறாயே என்று சொந்தக்காரர்கள் என்னைக் கேலி செய்வார்கள். அவர் இறந்து சில மாதங்கள் கழித்து, ஒரு நாள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது அவர் குரலை நினைத்துப் பார்த்தேன். முகம் வந்தது, நடை வந்தது, குரல் வரவில்லை. கல்யாண வீடியோவைப் போட்டுப் பார்த்தேன். அதில் நாதஸ்வரம்தான் கேட்டது. அன்றிலிருந்து எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. மனிதர் போனது போதாதென்று குரலும் போகிறதே.

அவருடைய பைக் திருவான்மியூரில் எங்கள் குடியிருப்பின் கீழே உறை போட்டுக் கிடந்தது. டேங்கின் மேல் ஒரு பை. அதற்குள் உள்ளங்கை அளவில் பழைய பாட்டு பிளேயர். அதன் சொந்த பேட்டரி எப்போதோ செத்துவிட்டது. எதையும் தூக்கிப் போட மனம் வராத மனிதர், சார்ஜர் செருகும் இடத்தையே பெயர்த்துவிட்டு, ஒயர் பற்றவைத்து, பைக் பேட்டரியிலிருந்தே கரண்ட் கொடுத்திருந்தார். பைக்கை விட்டால் அதற்கு வேறு கதி இல்லை. வண்டி ஓடும்போது பாட்டோடு 'ஙொய்' என்று ஓர் இரைச்சலும் வரும். வேகம் கூடினால் அதுவும் கூடும். "பாட்டு கேக்கறீங்களா, கொசு வளக்கறீங்களா?" என்பேன். சிரிப்பார், அவ்வளவுதான்.

பைக்கை விற்றுவிடுவது என்று முடிவு செய்து, குட்டியானை லாரியில் ஏற்றி, மயிலாப்பூரில் அவர் வழக்கமாகப் போகும் மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். நல்ல உச்சி வெயில். மெக்கானிக் புது பேட்டரி மாட்டிவிட்டு ஒயரை விரலால் தடவிக்கொண்டே போனார்.

"இன்னாக்கா இது, சார் எர்த் ஒயரை வண்டி பாடில குடுத்துக்கீறாரு. நேரா பேட்டரில குடுக்கணும். அதான் இஞ்சின் ஓடுனா பாட்டுல இரைச்சல் வருது. இப்போ இஞ்சின் ஆஃப்ல கீது, சுத்தமா கேக்கும் பாரு."

பிளேயரின் பட்டனை அழுத்தினார். பாட்டு வரவில்லை. இரைச்சல் வந்தது.

முதலில் தாழ்ந்து, பிறகு ஏறி, கியர் மாற்றியதுபோல் ஒரு கணம் விழுந்து, மறுபடி ஏறியது. பைக் ஸ்டாண்டில் அசையாமல் நின்றது. மெக்கானிக் இஞ்சின் மேல் கையை வைத்துப் பார்த்துவிட்டு எடுத்தார். "சாவி எங்கிட்டதான் கீதுக்கா" என்றார், குரலைத் தாழ்த்தி. அந்த வெயிலில் என் கை முடி குத்திட்டு நின்றது. தடக் தடக் என்று எதன் மேலோ ஏறி இறங்கிய சத்தம். ஒரு பஸ் ஹாரன் எங்களைத் தாண்டிப் போனது. தெருவில் பஸ் எதுவும் இல்லை. பிறகு வெறும் காற்று, நீளமாக. அந்தக் காற்று எனக்குத் தெரியும். அடையாறு பாலத்தில் முந்தானையைப் பிடித்துக்கொண்டு எத்தனை தடவை போயிருக்கிறேன். நின்ற இடத்திலேயே பைக் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

மெக்கானிக் பிளேயரின் சின்னத் திரையை உற்றுப் பார்த்தார். "பாட்டு இல்லக்கா, ரெக்கார்டிங். பட்டன் தெரியாம அமுங்கிகினு இருக்கும். வண்டி சத்தமெல்லாம் அப்டியே ஏறிக்கீது."

அப்படியானால் இதற்குள் அவர் இருக்கிறார். டேங்கின் மேல் குனிந்து காதை வைத்தேன். ஏதாவது பேசியிருக்கமாட்டாரா? சிக்னல் வந்தது போலிருக்கிறது. இரைச்சல் இறங்கி அடங்கியது. ஒரு குரல் மேலே வந்தது.

அது என் குரல்.

காய்கறி விலையிலிருந்து மாடிவீட்டுக்காரி வரை மூச்சுவிடாமல் பேசிக்கொண்டிருந்தேன். இடையிடையே "ம்" என்றார். அந்த "ம்" அவருடையதுதான், சந்தேகமே இல்லை. உயிரோடு, பக்கத்தில். "வாயை மூடுடி" என்று சத்தமாகவே சொன்னேன். பிளேயருக்குள் இருந்தவள் மூடவில்லை. நாளைக்கு என்ன சமையல் என்று சொல்லிக்கொண்டே போனாள்.

பிறகு அவர் தொண்டையைச் செருமினார். "இல்ல, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்னு…" என்றார்.

"வீட்டுல போய்ச் சொல்லுங்க. பச்சை விழுந்துடுச்சு பாருங்க, போங்க போங்க" என்றாள் அவள்.

இரைச்சல் ஏறியது.