காசு கொடுத்து வாங்கிய டிக்கெட்

திருவிடைமருதூரில் டவுன் பஸ் ஏறியதும் பக்கத்து இருக்கைக்காரரைப் பார்த்து எனக்குக் கைகால் ஓடவில்லை. அவருடைய யூடியூப் வீடியோ ஒன்றைக்கூட நான் விட்டதில்லை. பல வருடம் திருநங்கையாக வீடியோ போட்டவர், ஞானஸ்நானம் எடுத்துவிட்டதாகவும் இனி ஆணாகவே இருக்கப்போவதாகவும் போன வாரம் அறிவித்திருந்தார். அந்த வீடியோவின் கீழே கமெண்டில் ஒரு கூட்டம் "துரோகி" என்றது. இன்னொரு கூட்டம் "அல்லேலூயா" போட்டது.

ஒட்ட வெட்டிய முடி, புதுச் சட்டை. கை மட்டும் அடிக்கடி தோளுக்குப் போய் இல்லாத முந்தானையைச் சரிசெய்தது. மெல்லப் பேச்சுக் கொடுத்தேன்.

"உங்க தோழிங்க என்ன சொல்றாங்க?"

"அவங்க அவங்களா இருக்காங்க. எனக்குத்தான் சரிப்படல. என் வீடியோவக் காட்டி அவங்களத் திட்டுறானுங்க பாருங்க, அதான் வலிக்குது." பிறகு முன்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "இப்படி வெளிய வர்றது இன்னிக்குத்தான். இந்தக் கண்டக்டருக்கு என்னை நல்லாத் தெரியும். என்ன சொல்வாரோ."

கண்டக்டர் வந்தார். திருநங்கையருக்கான இலவச டிக்கெட்டைப் பழக்கத்தில் கிழித்து, "இந்தாம்மா" என்று நீட்டினார்.

"இல்லண்ணே. இனிமே காசு டிக்கெட்." நூறு ரூபாய் நோட்டை நீட்டினார்.

கண்டக்டர் ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். "கும்மோணந்தானே? சில்லறையாக் குடு தம்பி, காலங்காத்தால நோட்ட நீட்டாத."

அவ்வளவுதான். பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்படி என் பக்கத்தில் இருந்தவர் சிரித்தார். அந்தத் "தம்பி"க்காகவா, வேறெதுவும் கேட்காமல் கண்டக்டர் நகர்ந்ததற்காகவா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.