சின்னப் பெட்டியும் சிணுங்கும் வைஃபையும்

தண்ணீர் வரவில்லை என்று கூப்பிட்டால் மோட்டார் மெக்கானிக் கிணற்றை எட்டிப் பார்த்தாவது ஒரு வார்த்தை சொல்லிவிடுவார். வைஃபை வரவில்லை என்று கூப்பிட்டால் போகிற என்னைப் போன்றவர்கள் எதை எட்டிப் பார்ப்பது? இருக்கும்போதும் கண்ணுக்குத் தெரியாது, இல்லாதபோதும் தெரியாது. வாடிக்கையாளர் நம் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்க, நாம் சுவரையும் கூரையையும் மாறி மாறிப் பார்க்க வேண்டும். "சுத்துது, சுத்துது" என்று போனைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடியவரா நீங்கள்? அப்படியானால் நீங்களும் நம்ம கட்சிதான். உட்காருங்கள்.

யாரும் திறக்கலாம்

தேனியில் எனக்கு ஒரு சின்ன கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை. சர்வீஸோடு நிறுத்தியிருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன். ஒரு சின்னப் பெட்டியின் மீது ஆசை வந்துவிட்டது. பெரிய டிபன் பாக்ஸ் அளவுதான் இருக்கும். மூடியைத் திறந்தால் திரை, கீழே கீபோர்டு. உள்ளே இருக்கிற போர்டின் வரைபடத்திலிருந்து ஸ்க்ரூவின் அளவு வரைக்கும் எல்லாவற்றையும் வடிவமைத்தவர்களே ஊருக்குப் பொதுவாக நெட்டில் போட்டுவிட்டார்கள். கெட்டுப்போனால் நாமே கழற்றலாம், நாமே மாட்டலாம். பாகங்களை வரவழைத்து நானே பூட்டி விற்கிறேன். ஒரே குறை, இதன் வைஃபை புது மருமகன் மாதிரி. காரணம் சொல்லாமல் கோபித்துக்கொண்டு போய்விடும்.

பெட்டி வாங்க வந்த ஒரு ஸ்டேஷனரிக் கடைக்காரரிடம் இதன் பெருமையை மூச்சுவிடாமல் சொன்னேன். இதைக் கழற்றலாம், அதைக் கழற்றலாம் என்று கழற்றியே காட்டினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தவர் சொன்னார்: "கழட்டலாம் கழட்டலாம்னுதான் சொல்லுற. கழட்டாமயே ஓடுற மாதிரி ஒண்ணு இருந்தாக் காட்டாத்தா."

தூங்கிப்போகும் வைஃபை

வாங்கியவர்களில் ஒருத்தி பொட்டிப்புரத்து ஜோதி. பிறந்தது குமுளிப் பக்கம் என்பதால் மலையாளம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. விடிவதற்குள் ஜீப் ஏறி மலைமேல் ஏலத்தோட்டத்து ஆபீஸுக்கு வேலைக்குப் போய், இருட்டிய பிறகு இறங்குவாள். ஒன்றாம் வகுப்புப் படிக்கிற மகள் கண் விழிக்கும்போது அம்மா மலையில் இருப்பாள். இந்த நிலையில்தான் கேரளத்துப் பிள்ளைகளுக்கு நெட்டில் கணக்குப் பாடம் எடுக்கும் வேலை கிடைத்தது. ஆனால் முதல் ஒரு மாதம் வெள்ளோட்டம். வகுப்பு அடிக்கடி நடுவில் அறுந்தால் வேலை கிடையாது, பழையபடி ஜீப்தான்.

முதல் வாரமே அறுந்தது. ஸ்கூட்டியில் போய்ச் சேர்ந்தேன். ஜோதியின் மாமனார் வாசலில் பம்பு மோட்டாரின் ஸ்டார்ட்டரை ஸ்க்ரூ டிரைவரால் பிரித்துத் தூசி தட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெட்டியை ஆராய்ந்ததில் விஷயம் புரிந்தது. பேட்டரியை மிச்சப்படுத்துவதற்காக, கொஞ்ச நேரம் பேச்சில்லை என்றால் வைஃபை தானாகத் தூங்கிவிடும். பிள்ளைகள் தலையைக் குனிந்து கணக்குப் போடுகிற நேரம் பார்த்து அதுவும் கண்ணசந்துவிடுகிறது. தூங்காதே என்று அதன் செட்டிங்கில் ஒரு வரி எழுதி வைத்தேன். வந்ததற்குக் கீழ் மூடியையும் கழற்றி, அதன் உள்பக்கம் ஒட்டியிருந்த, சிக்னலைப் பிடிக்கிற ஆன்டெனாவைச் சரிபார்த்தேன். மாமனார் எட்டிப் பார்த்தார். எனக்கோ வாய் சும்மா இருக்காது. "பாருங்கய்யா, ஒளிவுமறைவே இல்ல. நாலு ஸ்க்ரூதான், யாரு வேணாலும் திறக்கலாம்" என்றேன்.

அவர் பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "வீட்டுக்குள்ள உக்காந்து பொட்டியோட பேசுறதுக்குப் பேரு வேலையா, ஆத்தா? இதுல அதுவும் தூங்கிருதுங்குற."

சட்டைப் பையில் இருந்தது

போடியில் என் பெட்டியை வாங்கிய ஓர் ஏலக்காய் வியாபாரி. அவர் கடையில் பில் போடுகிற பெண் கண்ணீர் விடாத குறை. வைஃபை எப்போது நிற்கும், எப்போது வரும் என்று அவளால் சொல்ல முடியவில்லை. நான் போய் உட்கார்ந்தால் ஜோராக ஓடுகிறது. மெக்கானிக் முன்னால் மட்டும் ஒழுங்காக நடந்துகொள்வது எந்திரங்களின் பரம்பரைக் குணம், உங்களுக்கே தெரியும். சரி, கிளம்பலாம் என்று எழுந்தபோது முதலாளியும் டீ குடிக்க எழுந்து போனார். பெட்டியில் சிக்னல் கோடுகள் ஒவ்வொன்றாக அணைந்தன.

அப்புறம்தான் விசாரித்தேன். கடையில் ரூட்டர் என்று ஒன்று கிடையவே கிடையாது. முதலாளியின் போனில்தான் ஹாட்ஸ்பாட், போன் அவர் சட்டைப் பையில். அவர் டீக்கடைக்குப் போனால் வைஃபையும் கூடவே போய்விடும். விளக்கிச் சொன்னதும் அவர் கொஞ்சமும் வெட்கப்படவில்லை. "நான் இல்லன்னா கடையில ஒரு வேலையும் நடக்காதுன்னு வீட்டுல சும்மாதான் சொல்லிக்கிட்டிருந்தேன். நெசந்தான் போலருக்கு."

வாழைத்தாரின் தாகம்

கம்பத்தில் ஒரு வாழைக்காய் மண்டி. காலையில் வியாபாரம் சூடுபிடிக்கிற நேரத்தில் வைஃபை படுத்துவிடும், சாயங்காலம் ஆளில்லாத நேரத்தில் குதித்துக்கொண்டு ஓடும். பெட்டியைத் திறந்தேன், மூடினேன், திரும்பவும் திறந்தேன். சுமை இறக்குகிறவர்கள் எனக்காகச் சுற்றிச் சுற்றி நடந்தார்கள். திரும்பிப் பார்த்தபோது ரூட்டரைக் காணவில்லை. எனக்கும் அதற்கும் நடுவில் வாழைத்தார்கள் கூரைக்குக் கொஞ்சம் கீழே வரை அடுக்கியிருந்தன.

வாழைத்தார் முழுக்கத் தண்ணீர். தண்ணீர் சிக்னலைக் குடித்துவிடும். காலையில் லோடு வந்து இறங்கினால் வைஃபை நிற்கிறது, தார் விற்றுத் தீர்ந்தால் வருகிறது, அவ்வளவுதான். தாரைக் கொஞ்சம் தள்ளி அடுக்கலாமா என்று தயங்கித் தயங்கி மண்டிக்காரரிடம் கேட்டேன். "ஏத்தா, வாழக்காய்க்காக வைஃபை வச்சிருக்கேனா, வைஃபைக்காக வாழக்கா விக்கிறேனா?" என்றார். ரூட்டரை உத்தரத்தில் கட்டித் தொங்கவிட்டேன்.

கீழ் மூடிக்குள்ளே

ஏணியிலிருந்து இறங்கும்போதே ஜோதியின் போன். "அக்கா, முன்னயாச்சும் பாதி வகுப்புலதான் போகும். இப்ப ஏறவே மாட்டேங்குது. இன்னைக்குச் சாயங்காலம் எங்க மேடம் வகுப்புல உக்காந்து பாக்குறாக. இன்னைக்கும் அத்துச்சுன்னா ஜீப்புக்காரருக்குச் சொல்லிவிட வேண்டியதுதான்." குரல் உடைந்துவிட்டது. பெட்டியை விற்றது நான். கழற்றலாம், மாட்டலாம் என்று பெருமை பேசி விற்றதும் நான். கோம்பை, தேவாரம் என்று எந்த ஊரையும் பார்க்காமல் ஸ்கூட்டியை விரட்டினேன்.

ரூட்டர் அதே இடத்தில்தான் இருந்தது. என் போனில் கோடுகள் முழுசாகத் தெரிந்தன. பெட்டியை ரூட்டரின் பக்கத்திலேயே கொண்டுபோய் வைத்தும் ஒற்றைக் கோடு. அப்படியானால் கோளாறு உள்ளே. கீழ் மூடியைக் கழற்றிய நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஆன்டெனாவை முழுக்க மறைத்துக்கொண்டு ஒரு செப்புத் தகடு. கோடும் கட்டமும் எழுத்துமாகப் பொறித்து, குங்குமம் வைத்து, கறுப்பு டேப்பால் நாலு பக்கமும் நேர்த்தியாக ஒட்டியிருந்தது. செம்பு மறைத்தால் சிக்னல் எங்கிருந்து வரும்? ஜோதி சத்தியமாகத் தனக்குத் தெரியாது என்றாள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வாசல் பக்கம் திரும்பினோம்.

மாமனார் மறைக்கவில்லை. நான் திறந்து காட்டியதைப் பார்த்து, ஜோதி கடைக்குப் போன நேரத்தில் அதே மாதிரி திறந்து தகட்டை வைத்தாராம். தட்டையாகக் காலியாக இருந்த இடம் அது ஒன்றுதானாம். அந்தப் பக்கத்து மோட்டார் ரூம்களில் பார்த்திருப்பீர்கள், ஓடிக்கொண்டே இருக்க வேண்டிய எதுவானாலும் குலசாமி கோயிலில் மந்திரித்த தகடு ஒன்று அதற்குள் இருக்கும். அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "மோட்டாருக்கு வச்சேன், நிக்கல. டிராக்டருக்கு வச்சேன், நிக்கல. இவ வேலையும் நின்னுறக் கூடாதுன்னு வச்சேன், ஆத்தா. இதுல மட்டும் இப்புடி ஆகும்னு யாரு கண்டா?"

வகுப்பு நடந்தது

தகட்டை எடுத்து மூடியைப் பூட்டியதும் கோடுகள் வரிசையாக வந்தன. ஜோதி முகத்தைக் கழுவிக்கொண்டு வகுப்பைத் தொடங்கினாள். நானும் மாமனாரும் வாசலில். அவர் முதல் வேலையாகப் பம்பு மோட்டாரை நிறுத்தினார். மோட்டாருக்கும் வைஃபைக்கும் சம்பந்தமில்லை என்றேன், கேட்கவில்லை. தெருவில் சத்தம் போட்டுக்கொண்டு வந்த தக்காளி வண்டியைக் கையைக் காட்டியே திருப்பி அனுப்பினார். பேத்தி ஏதோ கேட்க வாயைத் திறந்தபோது விரலை உதட்டில் வைத்தார். உள்ளேயிருந்து "மனசிலாயோ?", புரிந்ததா என்று ஜோதி மலையாளத்தில் கேட்கிற ஒவ்வொரு தடவையும், பாஷை தெரியாத மனிதர் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வகுப்பு அறுபடவில்லை. மேடம் அப்போதே வேலை உறுதி என்று சொல்லிவிட்டார். வெளியே வந்த ஜோதி, மாமனாரிடம் நான் திருப்பிக் கொடுக்க இருந்த தகட்டை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். அவரைப் பார்க்காமல் என்னிடம் சொன்னாள்: "இந்த வேலை போகணும்னுதான் மாமா வேண்டிக்கிறாகன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்க்கா. இது பொட்டிக்கு வச்சதில்ல, எனக்கு வச்சது. நான் உக்கார்ற நாற்காலிக்கு அடியில ஒட்டிக் குடுங்க."

வைஃபை வரவில்லை என்று யார் கூப்பிட்டாலும் இப்போது நான் முதலில் சிக்னலைப் பார்ப்பதில்லை; அந்த வீட்டில் யாருக்கு யார் மேல் வெளியே சொல்லாத பாசம் இருக்கிறது, அவரிடம் ஸ்க்ரூ டிரைவர் இருக்கிறதா என்று விசாரித்துவிட்டுத்தான் பெட்டியைத் தொடுகிறேன்.